வெளுத்த கறுப்பு

மணல், கல்பாதை, முட்காடு என்று ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டிகளுக்கு இடுப்புக்குக் கீழே பெரும்பாலும் பெயின்ட் கிடையாது. சக்கரத்தைச் சுற்றிய வளைவு, பம்பரின் அடிப்பாதி, கதவின் கீழ்ப் பட்டை, ஏறுபடி, முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் உட்கார்ந்திருக்கும் கவுல், பக்கக் கண்ணாடியின் கூடு ஆகியவை அச்சில் வார்க்கும்போதே கறுப்பாக வெளிவந்த பிளாஸ்டிக். உடைமுள் உரசினால் பெயின்டில் வெள்ளைக் கோடு விழும். மேலிருந்து அடிவரை ஒரே நிறமான பிளாஸ்டிக்கில் கீறினால் உள்ளே இருப்பதும் அதே கறுப்புதான். கீறல் கண்ணில் படாமலிருக்க, மேற்பரப்பில் பொடிப்பொடியான சொரசொரப்பையும் அச்சிலேயே கொடுத்துவிடுகிறார்கள். முள்ளை நினைத்துச் செய்த இந்த ஏற்பாட்டில் வெயிலுக்கான காப்பு குறைவு. பெயின்ட் அடித்த பாகத்தின் மேல் கிளியர் கோட் என்ற ஒளிபுகும் படலம் இருக்கும். புற ஊதாக் கதிரை வாங்கிக்கொள்ளும் வேதிப்பொருள் அதில் கலந்திருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் அப்படி ஒரு பூச்சு கிடையாது.

இதை எழுதுபவரின் வீட்டில், உடன்குடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டீசல் நாலு வீல் டிரைவ் வண்டி ஒன்று இந்தச் சேதத்தின் எல்லாப் படிகளையும் காட்டியது. பனைவிளைகளுக்குப் போய்வரவும் கருப்பட்டி ஏற்றிவரவும் தகப்பனார் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் மற்ற வண்டிகள் அச்சுவரை புதையும் இடத்தில் அது டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறிப் போகும். வீட்டில் ஷெட் இல்லை. முற்றத்தில் கிழக்கே முகம் பார்த்தபடி, அதே இடத்தில், அதே திசையில், வருஷக்கணக்காக நின்றது. அந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முடிவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மற்றபடி ஆண்டின் பெரும்பகுதியில் அது தெற்கே சாய்ந்திருக்கும்.

ஆகவே வண்டி ஒரே சீராக வெளுக்கவில்லை. வானம் பார்த்துக் கிடந்த கவுல் முதலில் சாம்பல் பூத்தது. அடுத்து சக்கர வளைவுகளின் மேல் விளிம்பு, பிறகு ஏறுபடி. கிழக்கே பார்த்து நின்ற வண்டிக்கு வலப்பக்கம் தெற்கு. டிரைவர் பக்கத்து வளைவுகள் இரண்டும் இடப்பக்கத்தவற்றைவிட ஒரு படி கூடுதலாக வெளிறியிருந்தன. பம்பரின் அடியில் சேறு காய்ந்து அப்பியிருந்த இடத்தைக் கழுவியபோது அங்கே மட்டும் பிளாஸ்டிக் புதிது போலக் கறுத்திருந்தது. அழுக்கு வெயிலை மறைத்திருந்தது. வண்டி பழசாவதால் நிறம் போகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரே வயதுள்ள இரண்டு வளைவுகள் இரண்டு நிறத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, பழி வயதின் மேல் அல்ல, வெயிலின் மேல்தான் என்பது தெளிவாகவே தெரிந்தது.

இந்தப் பாகங்கள் எதனால் ஆனவை என்பது அவற்றின் முதுகிலேயே எழுதியிருக்கும். பிளாஸ்டிக் பாகங்களில் பொருளின் பெயரைப் பொறிப்பதற்கு ஐஎஸ்ஓ 11469 என்ற தரம் இருக்கிறது. வளைவைக் கழற்றித் திருப்பினால் பிபி, இபிடிஎம், டிடி 20 என்பது போன்ற எழுத்துகள் தென்படும். பாலிபுரொப்பிலீனோடு இபிடிஎம் ரப்பரைக் கலந்து, நூற்றுக்கு இருபது பங்கு டால்க் மாவு சேர்த்தது என்று அதற்குப் பொருள். விறைப்புக்கு டால்க், கல் பட்டால் உடையாமலிருக்க ரப்பர், கறுப்புக்குக் கரிப்பொடி. பாலிபுரொப்பிலீனைப் படிக வடிவில் 1954-இல் உருவாக்கியவர் இத்தாலியின் ஜூலியோ நாட்டா. அந்தத் துறைப் பணிக்காக 1963-இல் கார்ல் சீக்லரோடு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். எடையும் குறைவு, விலையும் மலிவு. வாகனத் தொழிலுக்கு இதைவிட வசதியான பொருள் கிடைப்பது அரிது. இதன் பெரிய பலவீனம் வெயில்.

காரணம் மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது. பாலிபுரொப்பிலீன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு கிளை தொங்குகிறது. அந்த மூட்டிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். புற ஊதாக் கதிர் தொடங்கிவைக்க, காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்ட, நீண்ட சங்கிலி துண்டுதுண்டாக அறுகிறது. சூடு இதை விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் கை வைக்க முடியாது. அறுந்த துண்டுகள் இறுகிச் சுருங்கும்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. மேல்தோல் பொடியாக உதிர, உள்ளிருந்த டால்க் மாவு வெளியே தலைகாட்டுகிறது. விரலால் தேய்த்தால் ஒட்டும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் இந்தக் கலவைதான். இதைத் தள்ளிப்போடுவதற்காக உற்பத்தியாளர்கள் ஹால்ஸ் எனப்படும் ஒளிநிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். அவையும் நாளடைவில் செலவாகித் தீரும். கரிப்பொடியும் காப்புதான், குடிநீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய்களில் அதற்காகவே 2 முதல் 3 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். ஆனால் கரித்துகளுக்கு மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோலுக்குக் கரியாலும் உதவ முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது: கறுப்பு எங்கும் போய்விடவில்லை. வெடிப்பு விழுந்த பரப்பில் படும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறித் திரும்புவதால் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீர் தெளித்தால் உடனே கறுக்கும். காய்ந்த சிலேட்டு எச்சில் பட்டதும் கறுக்கிறதல்லவா, அதே சங்கதி. வெடிப்புக்குள் இருந்த காற்றை நீர் வெளியேற்றிவிடுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, நீருக்கு 1.33, பாலிபுரொப்பிலீனுக்கு ஏறத்தாழ 1.49. இடைவெளியை நிரப்பும் பொருளின் எண் பிளாஸ்டிக்கின் எண்ணுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்குச் சிதறல் குறையும். எண்ணெய்களின் எண் 1.45-இலிருந்து 1.48 வரை இருப்பதால்தான் எந்த எண்ணெயைத் தடவினாலும் தண்ணீரைவிட ஆழமான கறுப்பு வருகிறது. எந்த மருந்தையும் வாங்குவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. நனைந்ததும் நன்றாகக் கறுக்கும் பாகத்தை மீட்கலாம். நனைந்தும் சாம்பலாகவே இருந்தால், அல்லது நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தால், அந்தப் பாகத்தின் மேல் பணம் போடுவது வீண்.

உடன்குடி வண்டியில் சோதனை ஏதும் நடக்கவில்லை. நேராக வைத்தியம்தான் நடந்தது. முதலில் தேங்காயெண்ணெய். தடவிய அன்று வண்டி கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நின்றது. தேரிக்குள் ஒரு முறை போய்வந்ததும் நிலைமை மாறியது. தேரி மணலின் சிவப்பு, மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் வருவது. அதன் நுண்தூசி எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, சொரசொரப்பின் குழிகளில் இறங்கி, கறுப்புப் பாகத்தைக் காவி நிறமாக்கியது. தேங்காயெண்ணெய் காற்றில் காயாத எண்ணெய். பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், தூசியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அடுத்து ஓட்டுநர் ஒருவரின் யோசனைப்படி டீசல். டீசலும் எண்ணெயைப் போல வெடிப்பை நிரப்புவதால் உடனடியாக நல்ல பலன் தெரியும். ஆவியானதும் பழைய சாம்பல் திரும்பும். கதவு பீடிங்கில் வடிந்த டீசல் ரப்பரையும் கெடுத்தது. கறுப்பு ஷூ பாலிஷும் ஒரு கட்டத்தில் பூசப்பட்டது. அது மழையில் கரைந்து வெள்ளைப் பெயின்டின் மேல் கோடு கோடாக இறங்கியது. பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கமும் அந்தப் பக்கத்தில் உண்டு. தகப்பனாருக்கு வேட்டியில் கறை ஒட்டுவது பிடிக்காததால் அந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை.

வேலை ஒழுங்காகத் தொடங்கியது திருச்செந்தூர் சாலையில் இருந்த பட்டறையில் பெயின்டர் ஒருவரிடம் வண்டி போன பிறகு. அவர் வண்டியைச் சுற்றிவந்து, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல என்னெல்லாம் தேய்ச்சிருக்கீங்க? மொதல்ல அதெல்லாம் வெளிய வரணும்" என்றார். டயர் கடைகளில் விற்கும் சிலிக்கான் பாலிஷ் போட்டிருக்கிறதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சிலிக்கான் எண்ணெய் இருந்த இடத்தின் அருகில் பெயின்ட் அடித்தால் படலம் ஒட்டாமல் வட்டவட்டமாகக் குழி விழும். பட்டறைக்காரர்கள் அதை மீன்கண் என்பார்கள். பெயின்டர்கள் அந்தப் பாலிஷை வெறுப்பதற்கு இதுவே காரணம்.

மீட்பு வேலையில் பெரும்பங்கு கழுவுவதுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பூசும் மருந்தின் பெயரைக் கேட்பவர்கள் நூறு பேர் என்றால், கழுவும் முறையைக் கேட்பவர் ஒருவர்கூட இருப்பது ஐயம். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் தண்ணீர் மேல் தூசியை எடுக்கும். குழிக்குள் இருக்கும் பிசுக்கை எடுக்காது. பட்டறையில் முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக்கின் சூடு இறங்கும்வரை விட்டார்கள். சூடான பரப்பில் சோப்பு ஊற்றினால் தேய்ப்பதற்குள் காய்ந்து அதுவே கறையாகிவிடும். பிறகு பிசுக்கு நீக்கும் திரவத்தை நீரில் கலந்து தெளித்து, நைலான் பிரஷால் வட்டமாகத் தேய்த்தார்கள். மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ். வழிந்த நுரை முதலில் காவியாகவும் பிறகு கறுப்பாகவும் வந்தது. அந்தக் கறுப்பைக் கண்டு நிறம் போகிறதே என்று பதற வேண்டியதில்லை. வெயிலில் அழிந்த மேல்தோல்தான் கழன்று வருகிறது. நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப இதைச் செய்ய வேண்டும்.

பெயின்டுக்குப் போடும் மெழுகு பாலிஷ் தவறிப் பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்த வெள்ளைத் திட்டுகள் பக்கக் கண்ணாடிக் கூட்டில் இருந்தன. சோப்புக்கு அவை மசியவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்ததும் மெழுகு திரண்டு உருண்டு வந்தது. கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பனியன் வேஸ்டில் நனைத்துத் துடைத்தார்கள். மிச்ச எண்ணெயை அது எடுத்துவிடும். தின்னரை இங்கே தொடக் கூடாது, அது இபிடிஎம் கலவையை உப்பவைக்கும். உப்புத்தாளும் வேண்டாம், சொரசொரப்பு ஒரு முறை தேய்ந்தால் எதைப் பூசினாலும் அந்த இடம் மட்டும் தனியாகப் பளபளக்கும். வேலை முடிந்ததற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. நன்றாகக் கழுவி முடித்த பிளாஸ்டிக், கழுவுவதற்கு முன் இருந்ததைவிட அசிங்கமாக, முழுக்க முழுக்க வெளிறி நிற்கும். எண்ணெயின் பொய்க் கறுப்பு எல்லாம் போய், சேதத்தின் உண்மையான அளவு அப்போதுதான் தெரியும். அன்று அந்த நிலையில் வண்டியைப் பார்த்த தகப்பனார் பட்டறையை விட்டே வெளியேறி டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இனி மூன்று பாதைகள். அந்த வண்டியில் மூன்றும் நடந்தன, வேறு வேறு பாகங்களில்.

பின்சக்கர வளைவு ஒன்றில் ஹீட் கன் காட்டப்பட்டது. பாலிபுரொப்பிலீன் உருகுவது ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில். ஹீட் கன்னின் காற்று 500 பாகைக்கு மேலும் போகும். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்டினால் மேற்பரப்பு ஒரு கணம் இளகி, வெடிப்புகள் மூடி, சாம்பல் கண் முன்னே கறுப்பாக மாறும். பார்ப்பதற்கு வித்தை போலவே இருக்கும். பூச்சு எதுவும் இல்லாததால் மழையில் கழுவப்படாது என்பதும் உண்மை. ஆனால் தீர்ந்துபோன ஒளிநிலைப்படுத்தியைச் சூடு திரும்பக் கொடுக்காது, அதனால் அடுத்த கோடைகளில் மறுபடி வெளுக்கும். கை ஓர் இடத்தில் தயங்கினால் சொரசொரப்பு வழிந்து வழவழப்பாகும், விளிம்பு நெளியும், பக்கத்துப் பெயின்ட் கொப்புளிக்கும். டீசலோ எண்ணெயோ தடவிய பாகத்தில் சூடு காட்டுவது தீயை அழைப்பது. அந்த வளைவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு வழவழப்பான திட்டு விழுந்தது. வண்டியை விற்கும்வரை அது அங்கேயே இருந்தது. கவுலில் இந்த முறையை முயலவே கூடாது, ஓரத்தில் முன்கண்ணாடி இருக்கிறது.

மற்ற வளைவுகளுக்கும் ஏறுபடிக்கும் பூச்சு. பூச்சுகளில் இரண்டு இனம். ஒன்று, காயாமல் ஈரமாகவே இருந்து வெடிப்பை நிரப்புவது: சிலிக்கான் பாலிஷ், தேங்காயெண்ணெய் எல்லாம் இந்த இனம். இன்னொன்று, குழிக்குள் இறங்கிக் காய்ந்து படலமாக இறுகுவது. சிலிக்கா சேர்ந்த செராமிக் கோட்டிங்குகளும் ரெசின் கலந்த டிரிம் கோட்டிங்குகளும் இரண்டாம் இனம். முதல் இனம் வாரக்கணக்கில் நிற்கும், இரண்டாவது நன்றாகக் கழுவிய பரப்பில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விலையும் அதே விகிதத்தில் ஏறும்.

இரண்டாம் இனத்துக்கு ஏழையின் வடிவம் ஒன்று ஹார்டுவேர் கடைகளிலேயே இருக்கிறது. மரச் சாமான்களுக்குப் பூசும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகும் எண்ணெய். ஒளிவிலகல் எண்ணும் பிளாஸ்டிக்குக்கு மிக நெருக்கம். பெயின்டர் கையாண்டது அதைத்தான். மிக மெல்லியதாகத் தடவி, சற்று நேரத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்து, ஒரு நாள் முழுக்கத் தூசி படாமல் காயவிட்டார். கனமாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் பிசுபிசுத்து, மறுபடி தேரித் தூசிக்கு விருந்தாகிவிடும். துடைத்த துணிகளை அவர் சுருட்டிப் போடவில்லை, தண்ணீரில் நனைத்துத் தரையில் விரித்துப் போட்டார். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி காயும்போது வெப்பம் வெளிவிடும். குவிந்து கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். பட்டறைத் தீவிபத்துகளுக்கு இது உலகம் முழுக்கத் தெரிந்த காரணம்.

பூசி முடித்த வண்டி பளபளக்கவில்லை. தகப்பனாருக்கு அதில் குறைதான். இன்னொரு கோட் அடிக்கலாமே என்றார். புதிய வண்டியின் பிளாஸ்டிக்கை அருகில் போய்ப் பார்த்தால், அது மங்கலான, லேசாகச் சாம்பல் கலந்த கறுப்பு என்பது தெரியும். ஈரமாக மின்னும் கறுப்பு எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வருவதில்லை, பாலிஷ் புட்டியிலிருந்து வருவது.

முன்பம்பர் கல்லடி பட்டு ஆழமாக உரிந்திருந்ததால் அதற்குப் பெயின்ட். பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. நீரைப் போலவே பெயின்டும் அதில் பரவாமல் திரண்டு நிற்கும், காய்ந்த பின் நகத்தால் உரித்தாலே தோலாக வரும். இதற்காகக் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் கலந்த பிளாஸ்டிக் பிரைமரை முதலில் மெல்லியதாக அடிக்க வேண்டும். அதன் ஒரு பகுதி பிளாஸ்டிக்கோடும் மறுபகுதி பெயின்டோடும் ஒட்டும். அதன் மேல் மேட் கறுப்பு. சாதாரண ஸ்ப்ரே டப்பாவை வாங்கி நேரடியாக அடித்துவிட்டு, மூன்று மாதத்தில் உரிகிறது என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டவர்கள். பெயின்ட் நிறத்தை முழுமையாகத் திருப்பித் தரும், ஆனால் வண்டியின் அடிப்படை ஏற்பாட்டை மாற்றிவிடும். இனி முள் உரசினால் கோடு விழும், கோட்டின் அடியில் சாம்பல் தெரியும். தேரிக்கும் கல்பாதைக்கும் போகாத வண்டிக்கு இது சரி. போகிற வண்டிக்கு, ஏற்கெனவே உரிந்த பாகத்தில் மட்டும் இதைச் செய்வது நல்லது.

கவுலுக்கு மூன்றுமே பயன்படவில்லை. நனைத்தும் அது கறுக்கவில்லை. கழற்றும்போது ஒரு கிளிப்பின் கால் பிஸ்கட் போல ஒடிந்தது. புதிது வாங்கி மாட்டப்பட்டது. புதிய கவுல் வந்த பிறகுதான் மற்ற பாகங்களின் மீட்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. லின்சீட் பூசிய வளைவுகள் அதற்கு மிகவும் நெருங்கி நின்றன. பெயின்ட் அடித்த பம்பர் புதியதைவிடவே கறுத்து, தனியாகத் துருத்தியது.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. காரத்தன்மை கூடிய சோப்பு கோட்டிங்கைச் சீக்கிரம் கரைக்கும், கார் ஷாம்பு போதும். உப்பளப் பக்கம் போய்வந்தால் காய்ந்து படியும் உப்பு வெள்ளையாகத் தெரியும். அது வெளுப்பு அல்ல, நல்ல தண்ணீரில் போய்விடும். லின்சீட் பூச்சை ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனிக்கு முன், கழுவிவிட்டுப் புதுப்பித்தார்கள். வண்டியை நிறுத்தும் திசையும் மாறியது. ஒரு மாதம் கிழக்கே, ஒரு மாதம் மேற்கே. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி பழசாகட்டும் என்பது தகப்பனாரின் கணக்கு. வேப்பமர நிழல் இருந்தும் அங்கே நிறுத்தவில்லை. காக்கை எச்சம் பெயின்டைத் தின்றுவிடும் என்று அவர் சொன்னதும் தவறில்லை.

புதிய வண்டி அல்லது புதிய பாகம் வாங்குகிறவர்கள் இந்தப் பாடு எதுவும் படத் தேவையில்லை. பிளாஸ்டிக் கறுப்பாக இருக்கும்போதே, முதல் கோடை வருவதற்கு முன், ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புற ஊதாக் காப்பு உள்ள ஒரு நல்ல டிரிம் கோட்டிங்கைப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே வெளுத்த வண்டி வைத்திருப்பவர்கள் எண்ணெய்ப் புட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.